பழைய வள்ளம் வாங்குவோர் கவனிக்க வேண்டிய கசிவும் கறையும்

பொதிகை மலையில் உற்பத்தியாகிச் சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலுக்கு அருகில் கடலில் கலக்கும் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அதற்குக் கீழே, ஆற்றின் கடைமடைப் பிரதேசத்தில், நெல்லும் வாழையும் வெற்றிலையும் செழித்து வளரும் பூமியில் ஏரல் அமைந்திருக்கிறது. பாண்டியர் காலத்தில் துறைமுகமாக விளங்கிய கொற்கை இவ்வூருக்கு அருகில்தான் உள்ளது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிப்போக, அத்துறைமுகம் இன்று வயல்களுக்கு நடுவே ஒரு கிராமமாக இருக்கிறது. வண்டலைத் தந்து வாழ்விக்கும் அதே ஆறு, சில வருஷங்களில் கரை மீறி வந்து வருத்துவதும் உண்டு.

1992ஆம் வருஷம் நவம்பர் மாத வெள்ளத்தை இவ்வட்டாரத்து முதியோர் மறக்கவில்லை. 2023ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் நேர்ந்த வெள்ளமோ அதனினும் கொடியது. அப்பொழுது 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பெய்தது. ஏரலில் பாலம் சேதமுற்றது, ஊர்கள் துண்டிக்கப்பட்டன. ஜலத்தின் நடுவே அகப்பட்டவர்களை மீட்பதற்கு மீனவர்களின் படகுகள் பேருதவியாக இருந்தன. சாலைகள் அறுந்துபோன வேளையில் ஒரு வள்ளத்தின் அருமை என்ன என்பதைக் குடியானவர்கள் கண்கூடாகக் கண்டார்கள்.

ஆற்றங்கரைக் கிராமத்தார் ஊர்ப் பொதுவில் ஒரு வள்ளம் வைத்துக்கொள்ள எண்ணுவதும், கழிமுகத்தை அடுத்த குடியானவர் உபதொழிலாக மீன்பிடிப்பதற்கோ, மறுகரை நிலத்துக்கு உரமும் விதையும் கொண்டுபோவதற்கோ ஒரு சிறு படகு வாங்க நினைப்பதும் இயல்பே. புதிய படகுக்கு ஆகும் செலவு எல்லோருக்கும் கட்டுபடியாகாது. ஆகவே, கடற்கரையூர்களில் சில வருஷம் உழைத்த பழைய வள்ளத்தையோ, பைபர் படகையோ தேடிப் போக நேரும். மாட்டைப் பல் பார்த்து வாங்கத் தெரிந்த குடியானவருக்குப் படகை எதைப் பார்த்து வாங்குவது என்பது பழக்கமில்லாத விஷயம். அதைப் பற்றிச் சில குறிப்புகள் இங்கே கூறப்படுகின்றன.

கசிவும் கறையும்

பழைய படகு எதுவும் சிறிதும் கசியாமல் இருக்குமென்று எதிர்பார்ப்பது வீண். கசிகிறதா என்பதைவிட, எவ்விடத்தில், எவ்வளவு, எதனால் கசிகிறது என்பதே வாங்குபவர் அறிய வேண்டுவது. இதற்கு விடை படகின் உட்புறத்தில் படிந்துள்ள கறைகளில் இருக்கிறது. நீர் எங்கே நுழைந்தது, எந்த வழியே ஓடியது, எங்கே தேங்கியது, எத்தனை காலம் நின்றது என்பனவற்றை அக்கறைகள் காட்டிவிடும். ஆதலால் கறைபட்ட படகைக் கண்டு உடனே விலகிப்போகவும் வேண்டாம். கறையே இல்லாமல் புது வர்ணம் பூசி நிறுத்தியிருக்கும் படகைக் கண்டு மயங்கவும் வேண்டாம். விற்பதற்கு முன் உட்புறம் முழுவதும் புதிதாக வர்ணம் பூசியிருந்தால், அதன் காரணத்தைக் கேட்டறிந்து, இரு மடங்கு ஜாக்கிரதையுடன் சோதிக்க வேண்டும்.

குளத்துக் கரையில் நண்டு வளையால் உண்டாகும் கசிவைக் குடியானவர்கள் அறிவார்கள். உட்புறம் ஜலம் நுழையும் வாய் ஓரிடத்தில் இருக்கும். வெளிப்புறம் கசியும் இடம் அதற்குப் பல முழம் தள்ளி இருக்கும். கசியும் இடத்தில் மண்ணைக் கொட்டினால் அடுத்த இடத்தில் கசியுமேயன்றி நில்லாது. படகிலும் இவ்வாறே. பக்கப் பலகையின் மேல்மூட்டில் நுழைந்த ஜலம் விலாச் சட்டத்தின் பின்புறமாக இறங்கி, ஏராக்கட்டையின் ஓரமாக ஓடி, பின்பக்கத்தில் போய்த் தேங்கும். ஜலம் நிற்கும் இடத்தைப் பார்த்து அங்கேயே ஓட்டை என்று முடிவு செய்துவிடலாகாது. கறையின் அடியிலிருந்து தொடங்கி, அது மேல்நோக்கிப் போகும் வழியைப் பற்றிக்கொண்டே சென்றால், கறை தொடங்கும் உச்சியில் நீர் நுழையும் வாய் அகப்படும்.

கறைகளைப் பார்க்கும் விதம்

முதலில் உள்ளே பரப்பியுள்ள மிதிபலகைகள் அனைத்தையும் எடுத்துவிடச் சொல்ல வேண்டும். விற்பவர் அதற்கு இசையாவிட்டால் பேரத்தை அத்துடன் நிறுத்திவிடுவது நலம். பிறகு பட்டப்பகலிலும் ஒரு டார்ச் விளக்கைக் கையில் கொண்டு, முன்பகுதியாகிய அணியத்திலிருந்து பின்பகுதி வரையில் மூலை முடுக்குகளையெல்லாம் பார்க்க வேண்டும். சாதாரணமாகக் காணப்படும் கறைகளும் அவற்றின் பொருளும் பின்வருமாறு:

(1) வெள்ளைப் பூப்பு. காய்ந்த பலகை மீது வெண்மையாகப் பூத்திருப்பது உப்பு. நுனி விரலால் தொட்டு நாவில் வைத்தால் தெரியும். ஒரு மூட்டையொட்டிக் கோடாகப் பூத்திருந்தால் அந்த மூட்டின் வழியே கடல்நீர் உள்ளே வந்திருக்கிறது என்று கொள்ளலாம். படகு முழுவதும் லேசாகப் பரவியிருந்தால் அது அலை தெறித்ததால் உண்டானது, அதனால் பாதகமில்லை.

(2) கறுப்புக் கறை. இரும்பு ஆணிகளைச் சுற்றி நீலங்கலந்த கறுப்பு நிறம் படர்ந்திருப்பதைப் பல வள்ளங்களில் காணலாம். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைச் சேர்த்து முன்னோர் எழுதுமை காய்ச்சினார்கள். மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் ஆணியின் இரும்பும் ஈரத்தில் கூடும்போது அதே மைதான் மரத்துக்குள் உண்டாகிறது. ஆணிக்கு ஈரம் எட்டியிருக்கிறது என்பதற்கு இது அத்தாட்சி. ஆணித்தலையைச் சுற்றி மரம் கறுத்ததோடு மட்டும் இருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. குத்தூசியால் குத்தினால் மரம் உதிருமானால், ஆணி பிடிமானத்தை இழந்துவிட்டது.

(3) துரு வழிந்த செம்பழுப்புக் கோடு. இது ஆணி அரித்துத் தேய்வதைக் காட்டும். ஓர் ஆணியில் காணப்பட்டால் அதை மாற்றிவிடலாம். ஒரே வரிசையில் பல ஆணிகளிலிருந்து இவ்விதம் வழிந்திருந்தால், அந்தப் பலகையை விலாச் சட்டத்துடன் பிணைத்திருக்கும் ஆணிகள் யாவும் மெலிந்துவிட்டன என்று அறிய வேண்டும்.

(4) பூஞ்சைப் புள்ளிகள். காற்றோட்டமில்லாத மூலைகளிலும் மூடிய அறைகளிலும் கரும்புள்ளிகள் தோன்றும். இது பெரும்பாலும் ஓட்டையால் உண்டாவதன்று. ஈரக் காற்று அடைபட்டு வியர்ப்பதால் வருவது. கழுவிக் காற்றோட்டம் உண்டாக்கினால் நீங்கும்.

(5) எண்ணெய்க் கறை. எஞ்சின் அருகே இருப்பது சகஜம். ஆயினும், எண்ணெய் ஊறிய மூட்டில் எந்தப் பசையும் பற்றாது என்பதால், அவ்விடத்தில் கசிவு இருந்தால் பழுது பார்ப்பது பிரயாசையான காரியம்.

(6) வண்டல் கோடு. உட்புறச் சுவரில் எல்லாப் பக்கத்திலும் ஒரே மட்டத்தில் ஓடும் மங்கிய கோடு, படகு அந்த மட்டத்துக்கு ஜலம் நிரம்பிப் பல நாள் கிடந்தது என்பதைத் தெரிவிக்கும். விலாச் சட்டங்களின் பின்னாலும், விரலால் எட்டாத சந்துகளிலும் நுண்ணிய ஆற்று வண்டல் அகப்படுமானால், அப்படகு வெள்ளத்தில் மூழ்கி எடுக்கப்பட்டதாக இருக்கலாம். மூழ்கியதனாலேயே மரவள்ளம் கெட்டுவிடாது. ஆனால் எஞ்சினும், மின்கம்பிகளும், மூடிய அறைகளில் அடைத்துள்ள மிதப்புப் பொருளும் பெரும்பாலும் கெட்டிருக்கும். எஞ்சினுக்கென்று தனி விலை கேட்டால் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

உப்பு நீரா, நன்னீரா?

அடிக்குழியில் ஜலம் நின்றால் அதைச் சுவைத்துப் பார்த்தல் அவசியம். எண்ணெய் மிதக்குமானால் நாவில் வைக்காமல், ஒரு துணியில் நனைத்து வெயிலில் உலர்த்தி உப்புப் படிகிறதா என்று பார்க்கலாம். கடலில் நிற்கும் படகில் உப்பு நீர் இருந்தால் அது கீழ்மூட்டுகளின் வழியே வந்தது. நன்னீராக இருந்தால் மேலிருந்து இறங்கிய மழைநீர்.

உப்பு நீரைவிட மழைநீர் மரத்துக்கு நல்லது என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மை இதற்கு மாறானது. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சை உப்பு நீரில் எளிதில் வளராது. நன்னீர் பட்டு நனைவதும் பாதி காய்வதுமாக இருக்கும் மரத்திலேயே அது தழைக்கும். எப்பொழுதும் மூழ்கியிருக்கும் பலகையும், எப்பொழுதும் உலர்ந்திருக்கும் பலகையும் உளுப்பதில்லை. ஆகையால் மிதிபலகையின் கீழே சிறிது மழைநீர் தேங்கியிருக்கும் வள்ளத்தில், அந்த ஜலம் அற்பமென்று விட்டுவிடாமல், அதைச் சுற்றியுள்ள மரத்தைக் குத்திப் பார்த்தல் வேண்டும்.

கடலில் உழைத்த வள்ளத்தை ஆற்றுக்குக் கொண்டுவருவதில் நன்மையும் தீமையும் உண்டு. உப்பு நீரில் வாழ்ந்து பலகையைக் குடையும் கப்பற்புழு, நன்னீரில் சில வாரங்கள் தொடர்ந்து இருந்தால் மடிந்துபோகும், இது நன்மை. ஆனால் அது ஏற்கெனவே குடைந்த துளைகள் அடைபடப் போவதில்லை. கப்பற்புழு நுழையும் துளை வெளியே குண்டூசித் தலையளவே இருக்கும். உள்ளேயோ பலகை தேன்கூடுபோல் ஆகியிருக்கும். மேலும், கடல்நீரைவிட நன்னீர் கனம் குறைந்தது. ஆகவே அதே பாரத்துடன் வள்ளம் ஆற்றில் சிறிது அதிகமாக அமிழும். கடலில் நீர்மட்டத்துக்கு மேலே நின்று காய்ந்துபோன மூட்டு, ஆற்றில் நீருக்குள் போய்க் கசியத் தொடங்குவதும் உண்டு.

மரவள்ளத்தைச் சோதித்தல்

சோதனைக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு மரச் சுத்தியும், கூரிய குத்தூசியும், சுண்ணக்கட்டியும், ஒரு வாளியும் போதும். சுத்தியால் பலகைகளை ஒவ்வொரு சாணாகத் தட்டிச் செல்ல வேண்டும். திடமான மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த மரமும் புழு குடைந்த மரமும் பழம்பானையைத் தட்டினாற்போல் மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடத்தில் குத்தூசியை அழுத்தினால், மரம் நல்லதாயின் நுனி மட்டும் பதியும்; கெட்டதாயின் அரை அங்குலமும் அதற்கு மேலும் எளிதாக இறங்கும். ஏராக்கட்டையும், வங்கு எனப்படும் விலாச் சட்டங்களின் அடிகளும், பின்பக்கப் பலகையின் உட்புற மூலைகளும் முக்கியமாகக் குத்திப் பார்க்க வேண்டிய இடங்கள்.

மூட்டுகளில் என்ன அடைத்திருக்கிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். பஞ்சுத் திரியை உளியால் இறுக்கி, அதன்மேல் குங்கிலியத்தூளை எண்ணெயுடன் காய்ச்சிய பசையைப் பூசுவதே கலப்பற்று வேலையின் பழைய முறை. இவ்விதம் அடைத்த மூட்டு, பலகை ஊறிப் பெருக்கும்போது அதற்கு இடங்கொடுத்து இறுகும். இதற்கு மாறாகச் சிமெண்டாலும், கல்போல் இறுகும் பசைகளாலும் மூட்டை நிரப்பியிருந்தால், பலகை பெருக்க இடமின்றி ஓரம் நசுங்கும். காயும்போது பசை பெயர்ந்து விழும். அவ்விதம் பலவிடங்களில் அப்பியிருக்கும் வள்ளம், நிரந்தரமாகப் பழுது பார்க்கப்படாமல் நாளைக் கழித்து வந்தது என்று எண்ண இடமுண்டு.

பைபர் படகைச் சோதித்தல்

இன்று கடற்கரையில் பெரும்பான்மையாகக் காணப்படுவது பைபர் படகே. 2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின் இவ்வகைப் படகுகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. எப்படகாயினும் செய்த வருஷத்தைக் கேட்டறிவதுடன், பக்கங்கள் போதிய கனமுள்ளவையா, கையால் அழுத்தினால் நெளிகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பைபர் தானாக உளுப்பதில்லை. ஆனால் அதற்குள் வைத்து மூடியிருக்கும் ஒட்டுப்பலகை உளுக்கும். எஞ்சின் மாட்டும் பின்பலகை பெரும்பாலும் இவ்விதம் ஒட்டுப்பலகையைப் பைபரால் மூடிச் செய்வதே. எஞ்சினைப் பிணைக்கும் போல்ட்டுத் துளைகளின் வழியே நீர் உள்ளிறங்கி, வெளியே தெரியாமலே பலகையை அழித்துவிடும். அத்துளைகளிலிருந்து தேயிலைத் தண்ணீர் நிறத்தில் பழுப்பு நீர் வழிந்த கறை இருந்தால், உள்ளே மரம் உளுத்திருக்கிறது என்று கொள்ளலாம். எஞ்சினைப் பிடித்து முன்னும் பின்னும் பலமாக ஆட்டும்போது பின்பலகை அசையுமானால் ஐயமே இல்லை. ஓடும் வெள்ளத்தில் எஞ்சினோடு பின்பலகை பெயர்ந்துபோவதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

மிதப்பதற்காக அடைத்த நுரைப்பொருள் நீரைக் குடித்துவிட்டால் படகு கனக்கும். மூழ்காமல் காக்க வேண்டிய பொருளே மூழ்குவதற்குப் பாரமாகிவிடும். இருவர் மூவராகச் சேர்ந்து படகின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, அதே அளவுள்ள வேறு படகுடன் ஒப்பிட்டால் இது புலப்படும். அடிப்புறத்தில் கொப்புளங்கள் இருந்தால் மேற்பூச்சின் ஊடே நீர் நுழைந்திருக்கிறது. இக்கொப்புளம் உப்பு நீரைவிட நன்னீரில் விரைவாகப் பெருகும் என்பதை ஆற்றுக்கு வாங்குவோர் கவனிக்க வேண்டும். நாலைந்து கொப்புளங்களைச் சுரண்டி உலர்த்திப் பூசிவிடலாம். அடிப்புறம் முழுவதும் பரவியிருந்தால் விட்டுவிடுவதே மேல். ஒரு நாணயத்தால் தட்டினால் நல்ல இடம் கூர்மையாகவும், படலம் பிரிந்த இடம் தொளதொளப்பாகவும் ஒலிக்கும்.

நீர்ச் சோதனைகள் இரண்டு

முதல் சோதனை தரையில் செய்வது. படகைப் பல இடங்களில் முட்டுக்கொடுத்து மட்டமாக நிறுத்தி, வெளிப்புற மூட்டுகளின்மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டு, உள்ளே கொஞ்சங் கொஞ்சமாக நீர் ஊற்ற வேண்டும். கசியும் இடத்தில் சுண்ணம் நனைந்து நிறம் மாறும், அங்கே அடையாளமிட்டுக்கொள்ளலாம். ஆனால் அளவு மீறி ஊற்றலாகாது. 15 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள அடித்தளத்தில் அரை அடி உயரத்துக்கு நீர் நின்றால் அதன் எடை சுமார் 850 கிலோ ஆகும். உள்ளிருந்து அழுத்தும் அந்தப் பாரத்தால் நல்ல மூட்டுகளும் விலகிவிடும். நாலு அங்குல ஆழம் போதுமானது.

இரண்டாவது சோதனை மிதக்கவிட்டுச் செய்வது. மரவள்ளம் கரையில் எத்தனை நாள் கிடந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும். கோடை வெயிலில் ஒரு மாதம் கிடந்த வள்ளத்தின் பலகைகள் சுருங்கி, மூட்டுகள் வாய் திறந்திருக்கும். இறக்கியவுடன் அது கசிவது குற்றமன்று. இரண்டு மூன்று நாள் ஜலத்தில் கட்டிவைத்து, உள்ளே வரும் நீரை இறைத்து, குடக்கணக்கில் எழுதிவர வேண்டும். முதல் நாள் இருபது குடம், இரண்டாம் நாள் ஐந்து குடம், மூன்றாம் நாள் ஒரு குடம் என்று குறைந்து வந்தால், அது மரம் ஊறி மூட்டு இறுகுவதன் அடையாளம். மூன்றாம் நாளும் முதல் நாள் கணக்கே நின்றால் பலகையில் வெடிப்போ, ஆணித்துளையோ, புழுத்துளையோ இருக்கிறது. நாளுக்கு நாள் ஏறினால் அதை வாங்குவதற்கில்லை. பைபர் படகு ஊறி இறுகுவதில்லையாதலால், அதில் முதல் மணி நேரத்தில் வரும் நீரே கடைசி வரையில் வரும்.

வெறும் படகை மட்டும் மிதக்கவிட்டுப் பார்ப்பது போதாது. ஏற்றக் கருதிய பாரத்துக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றி மறுபடி பார்க்க வேண்டும். பாரம் ஏற்றினால் மட்டும் கசிந்தால் குறை மேல்மூட்டில் இருக்கும். எஞ்சின் ஓடும்போது மட்டும் கசிந்தால் பின்பலகையிலோ அதன் போல்ட்டுகளிலோ பார்க்க வேண்டும். மழை பெய்த பிறகு மட்டும் நீர் நின்றால் அது மேலிருந்து இறங்குவது.

இவ்வளவு சோதனை எதற்கு என்று தோன்றலாம். நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே ஓர் அங்குலத் துளை இருந்தால், அதன் வழியே நிமிஷத்துக்குச் சுமார் 40 லிட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று குடம் நீர் உள்ளே பாயும். ஒருவர் ஓயாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அது சமாளிக்கக்கூடியது. குழந்தைகளும் முதியோரும் ஏறியிருக்க, இருட்டில் வெள்ளத்தினூடே போகும்போது ஒருவரை இறைப்பதற்கென்றே ஒதுக்குவது எளிதன்று.

வாங்கலாமா, விடலாமா?

மேற்கண்ட சோதனைகளின் பயனை மூன்று வகையாகப் பிரிக்கலாம். மூட்டுக் கசிவு, தனி ஆணியின் துரு, பூஞ்சை, எண்ணெய்க் கறை முதலியவை சிறு குறைகள்; இவற்றைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கலாம். ஓரிரு பலகைகள் உளுத்திருத்தல், பின்பலகை நனைந்திருத்தல் ஆகியவை பெருங்குறைகள். படகு கட்டும் ஓடாவி ஒருவரை அழைத்துக் காட்டி, மரச்செலவும் கூலியும் என்ன ஆகுமென்று கேட்டு, அதைப் பேசிய விலையுடன் கூட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஏராக்கட்டை உளுத்தல், பல விலாச் சட்டங்கள் முறிந்திருத்தல், பைபர் அடிப்புறம் படலம் படலமாகப் பிரிதல் ஆகிய இவை இருந்தால், இனாமாகக் கொடுத்தாலும் அப்படகு குடியானவருக்கு உதவாது.

விற்பவருக்குரிய பதிவுச் சீட்டையும் பார்த்தல் அவசியம். தமிழ்நாட்டுக் கடலில் மீன்பிடிக்கும் படகுகள் 1983ஆம் வருஷத்துக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மீன்வளத் துறையில் பதிவு செய்யப்பட வேண்டியவை. படகில் எழுதியுள்ள எண்ணும் சீட்டிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்து, பெயர் மாற்றத்துக்கு ஏற்பாடு செய்துகொண்ட பின்னரே முழுப் பணத்தையும் செலுத்த வேண்டும்.

பழுது பார்க்கும் வரிசை

வாங்கிய பின் பலர் செய்யும் தவறு, முதலில் கறையைத் தேய்த்துப் போக்கி வர்ணம் பூசுவது. அவ்விதம் செய்தால் நீர் வந்த வழி மறைந்துபோகும். ஈரமும் வர்ணத்தின் அடியில் அடைபட்டு மரத்தை உளுக்கச் செய்யும். கசிவை அடைத்தல், உலர்த்துதல், கறை நீக்குதல், வர்ணம் பூசுதல் என்னும் வரிசை மாறலாகாது. கறையுள்ள இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, அடைத்த பிறகு ஒரு மழையும் ஒரு மிதப்பும் கண்டு, வட்டத்துக்கு வெளியே ஈரம் படராமல் இருந்தால்தான் அடைப்பு சரியானது என்று அறியலாம்.

உப்புப் பூப்பை நல்ல தண்ணீரால் பல முறை கழுவ வேண்டும். உப்பு தங்கிவிட்டால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு என்றும் நசநசத்திருக்கும், வர்ணமும் பிடிக்காது. எண்ணெய்க் கறைக்குச் சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்துத் தேய்க்கலாம். துருவுக்கும் கறுப்புக் கறைக்கும் எலுமிச்சஞ்சாறு அல்லது புளிக்கரைசல் ஓரளவு உதவும். பிடிவாதமான கறைக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைத் தடவி, சற்று நேரம் பொறுத்துக் கழுவுவர்; அது விஷமாதலால் கையுறை அணிந்து, குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாமல் உபயோகிக்க வேண்டும். பூஞ்சைக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல் நல்லது. ஆனால் பிளீச்சிங் பவுடரையும் எவ்வகை அமிலத்தையும், எலுமிச்சஞ்சாற்றையுங்கூட, ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அதிலிருந்து எழும் வாயு நுரையீரலைத் தாக்கும். ஒன்றால் கழுவி, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, காய்ந்த மறுநாள் மற்றதை உபயோகிக்கலாம்.

மழைக்காலத்துக்கு முன்

வெள்ளத்துக்கென்று வாங்கிய மரவள்ளத்தைக் கொட்டகையில் ஏற்றிப் பத்திரமாக மூடி வைப்பது வழக்கம். வருஷம் முழுவதும் காய்ந்த அவ்வள்ளம், வேண்டிய நாளில் ஜலத்தில் இறக்கியவுடன் எல்லா மூட்டுகளிலும் கசியும். ஊறி இறுகுவதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். வெள்ளமோ அத்தனை நாள் காத்திராது. தாமிரபரணியின் கடைமடையில் பெருவெள்ளங்கள் வந்தது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான். ஆகவே புரட்டாசி மாதத்திலேயே வள்ளத்தை வெளியே எடுத்து, மூட்டுகளையும் ஆணிகளையும் பார்த்து, எண்ணெய் தடவி, அருகிலுள்ள குளத்திலோ வாய்க்காலிலோ இறக்கி ஊறவிட வேண்டும். மார்கழி கழியும் வரையில் அது ஜலத்திலேயே கட்டப்பட்டிருக்கட்டும். தினமும் ஒருவர் போய் மழைநீரை இறைத்து, எத்தனை குடம் என்று ஒரு சிலேட்டில் எழுதி வரட்டும். கணக்கு திடீரென்று ஏறினால் உடனே கரையேற்றிப் பார்க்க வேண்டும். பைபர் படகாயின் கொட்டகையில் கவிழ்த்து வைத்து, போல்ட்டுத் துளைகளை மட்டும் மாதந்தோறும் பார்த்து வந்தால் போதும்.

இறைப்பதற்கு இரண்டு வாளிகள், ஒரு நீண்ட கயிறு, துடுப்புகள், ஏறுவோர் எண்ணிக்கைக்குத் தக்க உயிர்காப்பு உடைகள், அடைப்பதற்குக் கொஞ்சம் பஞ்சும் பசையும் ஆகிய இவற்றை வள்ளத்துக்கு அருகிலேயே ஒரு பெட்டியில் வைத்திருத்தல் நலம். எத்தனை பேர் ஏறலாம் என்பதை மணல் மூட்டைச் சோதனையில் கண்டபடி பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.